காலண்டர் தாளும் கம்ப்யூட்டர் தேதியும்

லேபில் சேர்ந்த முதல் நாளே நீங்கள் இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். “அக்கா, இந்தக் காலத்துலயும் விண்டோஸ் எக்ஸ்பியா?” அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு மஸ்கட்டுக்கு, கணவர் வேலை பார்க்கும் இடத்துக்குக் கிளம்புகிறேன். ஒன்பது வருடம் பார்த்த வேலையை விட்டுப் போகும்போது அந்தக் கேள்விக்கு மட்டுமாவது ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. டெஸ்ட்களை எப்படிச் செய்வது என்பதெல்லாம் அலமாரியில் இருக்கும் கையேட்டில் இருக்கிறது. இது கையேட்டில் இல்லாதது.

ரத்தத்தில் சர்க்கரை, உப்பு, மஞ்சள் காமாலை அளவு பார்க்கும் பெரிய மெஷின் வந்தபோதே அதோடு சேர்ந்து வந்தது அந்தக் கம்ப்யூட்டர். மெஷினின் மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். நான் சேர்ந்தபோதே அது பழசு. வெளியில் எல்லோரும் அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் போய்விட்டார்கள். எங்கள் மருத்துவமனையிலேயே ரிசப்ஷனில், மருந்துக்கடையில் எல்லாம் மாறிவிட்டது. லேபில் மட்டும் எக்ஸ்பி திரையின் அந்தப் பச்சை மேடும் நீல வானமும் அப்படியே இருந்தன.

எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் எதற்கும் பயப்படுகிறவள். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாப் வரை வந்து, திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவள். அந்தக் கம்ப்யூட்டர் நான் சொல்லாமல் எதுவும் செய்யாது. இடையில் வந்து எதையும் கேட்காது. நேற்று இருந்த பொத்தான் இன்றும் அதே இடத்தில் இருக்கும். காலையில் வேலைக்கு வரும்போது இந்த ஒன்றாவது நேற்றுப் போலவே இருக்கும் என்று எனக்கு ஒரு தைரியம்.

சேர்ந்த இரண்டாவது மாதமே அதைக் கெடுத்தது நான்தான். ஒரு விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்க என்னுடைய பென் டிரைவைச் செருகினேன். அதில் வைரஸ் இருந்தது. இரண்டு நாள் மெஷின் ஓடவில்லை. சாம்பிள்களை ஐஸ் பெட்டியில் வைத்து மார்த்தாண்டத்தில் வேறொரு லேபுக்கு ஆட்டோவில் அனுப்பினோம். மெஷின் கம்பெனியின் என்ஜினியர் திருவனந்தபுரத்திலிருந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றிவிட்டு, காயத்துக்குக் கட்டும் வெள்ளை பிளாஸ்டரை என்னிடம் கேட்டு வாங்கி, பென் டிரைவ் செருகும் ஓட்டைகளின் மேல் ஒட்டினார்.

“சேச்சி, இவனுக்கு வெளியாளுகளைக் கண்டா ஆகாது. வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். நூறு வயசு இருப்பான்.”

அந்த பிளாஸ்டர் இன்னும் அப்படியே இருக்கிறது. பழுப்பேறிவிட்டது. பிய்த்துவிடாதீர்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு குறை. உள்ளே தேதியைக் காத்துவைக்கும் சின்ன வட்ட பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. முழுதாகக் கரண்ட் போய்த் திரும்ப வந்தால் அதற்கு 2002 ஜனவரி ஒன்றாம் தேதி, நள்ளிரவு பன்னிரண்டு மணி. ராத்திரி லேபின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது வழக்கம் என்பதால், தினமும் காலையில் அதற்கு 2002 பிறக்கும். எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வந்ததும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பது, அந்தத் தாள் கையில் இருக்கும்போதே கம்ப்யூட்டரில் தேதியையும் மணியையும் திருத்துவது, பிறகு தாளைக் கசக்கிக் குப்பையில் போடுவது. தேதி திருத்தாமல் தாளைப் போடக் கூடாது. அவர் போன பிறகு நானும் அப்படியே செய்தேன். பேட்டரி செத்துவிட்டது என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலையில் விளக்கேற்றுவது மாதிரி அது ஒரு பழக்கமாகிவிட்டது.

என் மகள் வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்போது, நிர்வாகம் பார்க்கும் சார் ஒரு புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து லேபில் வைத்தார். புதிய விண்டோஸ். அதில் ஓடும் மென்பொருளை மெஷின் கம்பெனி பரிசோதனைக்காகத் தந்திருந்தது. “ரெண்டு வாரம் ஓட்டிப் பாரும்மா. செரியா வந்தா பழசைத் தூக்கிரலாம்,” என்றார்.

எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வேலை நன்றாகத்தான் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். தேதியை அதுவே இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டது. காலண்டர் தாளைக் கிழித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ஆனால் தினமும் ஒன்பது மணிக்கு மூலையில் ஒரு பெட்டி வந்து கேட்கும். புதுப்பிப்பு தயாராக இருக்கிறது, இப்போது நிறுத்தித் தொடங்கட்டுமா, பிறகா என்று. வேலை ஓடும் நேரத்தில் இதென்ன என்று ‘பிறகு’ என்பதை அழுத்துவேன். மறுநாளும் கேட்கும். மறுநாளும் பிறகு. ஐந்து நாள் அழுத்தினேன்.

ஆறாவது நாள் அது தானாக நின்றுவிட்டது. காலை பத்து மணி, சர்க்கரை பார்க்க வருகிறவர்களின் நேரம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டிய ரத்தத்துக்காக வெளியே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. நாற்பது நிமிடம். முதல் ரிசல்ட் தெரியாமல் அவர்களைச் சாப்பிட அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

“ஏம்மா, ஒரு சாயா குடிக்கலாமா கூடாதா, அதையாவது சொல்லு! ஆறு மணிக்கு பஸ் ஏறினவன் நான். சர்க்கரை இல்லேன்னாலும் இப்ப மயங்கி விழுந்திருவேன்.”

சார் ஓடிவந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “சார், இது தன்னிஷ்டத்துக்கு நிக்குது. நாளைக்கு ஒரு எமர்ஜென்சி வந்தா என்ன செய்யது?”

சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் ஐந்து நாள் அது என்னிடம் கேட்டது என்பதை நான் சொல்லவில்லை. நாங்கள் ராத்திரியில் மெயினை அணைத்துவிடுவதால், ஆளில்லாத நேரத்தில் அது தன் வேலையை முடித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போனது. இதுவும் அப்போதே எனக்குத் தெரியும். சார் அந்தப் பன்னிரண்டு பேரையும் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார். அன்று மாலையே புதுக் கம்ப்யூட்டர் ரிசப்ஷனுக்குப் போய்விட்டது. பழையது மேசைக்குத் திரும்பியது. பச்சை மேட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஜெயித்த மாதிரி இருந்தது.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது மகளுக்கு ஐந்து மாதம். அம்மா தினமும் பன்னிரண்டேகால் மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு வருவார். பின்னால் திரை போட்ட இடத்தில் உட்கார்ந்து பால் கொடுத்து அனுப்புவேன். அந்த நாட்களில் என் பயம் இரண்டு மடங்காகியிருந்தது. பிறந்த குழந்தைகளின் ரத்தம் வந்தால் சீட்டில் பெயரை இரண்டு தடவை பார்ப்பேன். திரும்பி வந்த முதல் மாதத்திலேயே இரண்டு முறை, சந்தேகமாக இருக்கிறது என்று வார்டுக்குப் போன் செய்து, குழந்தைகளுக்கு மறுபடியும் குத்தி ரத்தம் எடுக்க வைத்தேன். இரண்டு முறையும் முதலில் வந்த அளவே வந்தது. பிரசவ வார்டின் ஜெபா சிஸ்டர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“இஞ்ச பாரு மக்கா, இனி உனக்குச் சந்தேகம் வந்தா உன் கையில குத்தி எடு. என் பிள்ளைகளை விடு.”

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. கடற்கரை ஊரிலிருந்து ஷைனி என்ற பெண் வார்டில் இருந்தாள். நாள் கணக்குக்கு மூன்று வாரம் முந்தியே பிறந்த பெண் குழந்தை. பிறந்து நான்காவது நாள். முந்தின நாள் மாலை மஞ்சள் அளவு பதிமூன்று புள்ளி ஒன்று. குழந்தை டாக்டர் நாகர்கோவிலிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருவார். அந்த அளவு வரும் முன்பே அவர் சொல்லிவிட்டுப் போனது எளிமையானது. புதன் மாலை ஒருமுறை, வியாழன் மதியம் மறுபடியும் பாருங்கள், குறைந்திருந்தால் வீட்டுக்குப் போகட்டும், கூடினால் மஞ்சளைக் குறைக்கும் நீல வெளிச்சத்தில் வைக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அன்று வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவசரம். குழந்தையின் அப்பா ஆழ்கடலுக்குப் போனவர். அன்று மாலை போட் கரைக்கு வருகிறது என்று தகவல் வந்திருந்தது. அவர் குழந்தையை இன்னும் பார்த்திருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி வயதானது. இரண்டு நிமிடம் கத்திவிட்டு அதுவும் அணைந்தது. கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. மெஷினைப் போட்டேன், கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை வந்துகொண்டிருக்கும்போதே அம்மா வாசலில் வந்து நின்றார். வெயிலில் வந்ததில் மகள் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தாள். “ஏட்டி, இவளை முதல்ல வாங்கு. வழி நெடுக இதே பாட்டுதான்,” என்றார்.

திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பால் கொடுத்து முடித்து, தோளில் போட்டுத் தட்டி, அம்மாவிடம் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தபோது மெஷின் தயாராக இருந்தது. ஷைனியின் குழந்தையின் ரத்தத்தை வைத்தேன். பதினாறு புள்ளி எட்டு. பிரிண்ட் எடுத்து அட்டெண்டர் அக்காவிடம் வார்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

காலண்டர் தாள் காலையில்தான் கிழிக்கப்படும். மதியம் கிழிக்க அதில் தாள் இல்லை. என் கைக்குத் தெரிந்த பழக்கம் காலைக்கு மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேருடைய சாம்பிளை ஓட்டினேன். மூன்றாவதை வைக்கும்போதுதான் திரையின் மூலையில் மணியைப் பார்த்தேன். 1:10 ஏ.எம். வெளியே உச்சி வெயில்.

முதலில் பெரிதாகத் தோன்றவில்லை. அளவு சரி, தேதிதானே தப்பு என்று நினைத்தேன். திருத்திவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று கையும் போனது. பிறகு அந்தக் குழந்தையின் ரிப்போர்ட்டைத் திரையில் திறந்தேன். நம் மென்பொருள் ஒருவருடைய பழைய அளவுகளையும் புதிய அளவையும் தேதி வரிசைப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடும். மேலே இருப்பது பழையது, கீழே இருப்பது புதியது. கம்ப்யூட்டருக்கு இன்று 2002. நேற்று என்பது அதற்கு இன்னும் வரவே இல்லை. அதனால் இன்றைய பதினாறு புள்ளி எட்டை மேலே போட்டு, நேற்றைய பதிமூன்று புள்ளி ஒன்றைக் கீழே போட்டிருந்தது.

மஞ்சள் கூடியிருந்தது. தாளில் குறைந்திருந்தது.

தேதி கடைசிப் பத்தியில் இருக்கும். பிரிண்டர் ரிப்பன் மங்கி, அந்த ஓரம் எப்போதும் வெளிறித்தான் விழும். யாரும் அதைப் படிப்பதில்லை. மேலே பழசு, கீழே புதுசு என்றே எல்லோருக்கும் கண் பழகியிருந்தது.

இந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் இருக்கலாம். ஜெபா சிஸ்டர் இருபது வருட அனுபவம் உள்ளவர், தேதியைப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். மாடியில் வார்டுக்குப் போய் நின்றால் மூன்றாவது முறையாகக் கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். பயந்தவள் என்று பெயர் வாங்கிவிட்டால், நிஜமாகப் பயப்பட வேண்டிய நாளில் நம் குரல் நமக்கே நம்பிக்கை தராது. இன்டர்காமில் வார்டைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்காததே நல்லது, அவர்கள் வேலையில் இருக்கிறார்கள் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பிறகு லேபைப் பூட்டாமலே மாடிக்கு ஓடினேன். வாழ்க்கையில் நான் பூட்டாமல் விட்ட ஒரே கதவு அது.

வார்டில் ஷைனியின் கட்டில் காலியாக இருந்தது. துணி மூட்டை கட்டி, பிளாஸ்டிக் வாளிக்குள் பிளாஸ்கை வைத்து, எல்லாம் வாசல் பக்கம் நகர்ந்திருந்தது. ஷைனி நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். அவளுடைய மைனி, கணவனின் அக்கா, குழந்தையைத் துணியில் பொதிந்து கையில் வைத்துக்கொண்டு போனில் வேன்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜெபா சிஸ்டர் என்னைப் பார்த்ததும் பேனாவை மூடினார். “என்ன மக்கா, மறுபடியும் ரத்தமா?”

“சிஸ்டர், ஷைனி குழந்தைக்கு ரிப்போர்ட் டாக்டர்ட்ட சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு. நேத்துள்ளதை வாங்கினது ராத்திரி சிஸ்டர். நான் தாளைப் பாத்து போன்லயே வாசிச்சுச் சொன்னேன். பதினாறு எட்டு, அப்புறம் பதிமூணு ஒண்ணு. குறைஞ்சிருக்கு, போகட்டும்னு சொல்லிட்டாவ.”

“குறையல சிஸ்டர். கூடியிருக்கு. பதினாறுதான் இன்னைக்குள்ளது.”

“தாள்ல கீழ தானே—”

“தாள் தப்பு.”

மைனி போனைக் காதிலிருந்து எடுத்தார். “என்ன தப்பு? ஏம்மா, இப்பதானே போகலாம்னு சொன்னீங்க? வேன் வந்து நிக்கி கீழ. என் தம்பி இருபத்தி மூணு நாளா தண்ணியில கிடந்து இன்னைக்குத்தான் வாறான். பிள்ளையைக் காட்டாண்டாமா?”

“அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம்.”

“உங்களுக்கு அஞ்சு நிமிஷம். வேன்காரன் அங்க ஏசுகான்.”

ஜெபா சிஸ்டர் எழுந்துவந்து மைனியின் கையிலிருந்து குழந்தையை வாங்கினார். ஜன்னலருகே கொண்டுபோய்த் துணியை விலக்கினார். காலின் முன்புறத்தில் பெருவிரலால் மெதுவாக அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் வெளுக்காமல் மஞ்சளாக நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கேலி இல்லை.

“டாக்டருக்கு நீயே போன் போடு,” என்றார்.

டாக்டர் நாகர்கோவிலில் ஓ.பி.யில் இருந்தார். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். முடித்ததும் ஒன்றுதான் கேட்டார். “ரெண்டுல எது இன்னைக்கு எடுத்தது? நினைச்சுச் சொல்லாத. தெரிஞ்சு சொல்லு.”

“பதினாறு எட்டு டாக்டர். பன்னெண்டே முக்காலுக்கு நானே ஓட்டினேன். நேத்துள்ளது ரெஜிஸ்டர்ல என் கையெழுத்துலயே இருக்கு, பதிமூணு ஒண்ணு.”

“சிஸ்டரை இப்பவே லைட்ல வைக்கச் சொல்லு. ஆறு மணிக்கு மறுபடியும் எடு. நான் ராத்திரி வாறேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “இது எப்படி ஆச்சு?”

கரண்ட் போச்சு டாக்டர் என்ற வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. அதுவும் பொய் இல்லை. பழைய கம்ப்யூட்டர், பேட்டரி இல்லை, யுபிஎஸ் சரியில்லை. ஒவ்வொன்றும் உண்மை. அந்த உண்மைகளை வைத்து ஒரு சுவர் கட்டிவிட்டுப் பின்னால் நிற்கலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாரின் முன்னால் ஏற்கெனவே ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன்.

“கரண்ட் வந்ததுக்கு அப்புறம் தேதியை நான் திருத்தல டாக்டர். மறந்துட்டேன்.”

“தேதியைத் தினமும் கையாலயா திருத்துறீங்க?”

“ஆமா டாக்டர்.”

“எத்தனை நாளா?”

“நான் சேர்றதுக்கு முன்னால இருந்தே.”

அவர் போனை வைத்துவிட்டார்.

மைனிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியது என் வேலை என்று தோன்றியது. சிஸ்டர் சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பு என்னுடையது. கம்ப்யூட்டரில் நாள் மாறிவிட்டது, அதனால் கூடினது குறைந்த மாதிரி வந்துவிட்டது, நான் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாள் தெரியாத கம்ப்யூட்டரை எதுக்கும்மா வெச்சிருக்கிய? எங்க போட்ல உள்ள ஜி.பி.எஸ். கடலுக்குள்ள நிண்ணு மணி சொல்லுது.”

ஷைனி மட்டும் மெதுவாகக் கேட்டாள். “பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?”

ஆகாது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. “டாக்டர் வாறாங்க. அதுவரைக்கும் லைட்ல இருக்கணும்,” என்றேன். வேனைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆறு மணிக்கு எடுத்தபோது பதினாறு புள்ளி ஒன்பது. தாளை எடுத்துக்கொண்டு நானே மாடிக்குப் போனேன். ஏறுவது நின்றிருக்கிறது என்று அர்த்தம், கவலைப்படாதே என்று சிஸ்டர் சொன்னார். வீட்டில் அன்று மகளைத் தூக்கிக்கொண்டு போய் டியூப்லைட்டுக்குக் கீழே காட்டி, கண்ணையும் காலையும் பார்த்தேன். ஐந்து மாதக் குழந்தைக்கு அது தேவையில்லை என்று தெரிந்தேதான் பார்த்தேன். மறுநாள் காலை பதினான்கு புள்ளி இரண்டு. நானாகப் போய், ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் நீல மையில் நாளும் மணியும் எழுதிக் கொடுத்தேன். வார்டு வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் டீசலும் உப்பும் மணந்தன. கண்ணாடி வழியாக நீல வெளிச்சத்துக்குள் படுத்திருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. “கண்ணைக் கட்டிப் போட்டிருக்காவ, பாத்தியளா,” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அன்று மதியம் சாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தேதியைத் திருத்த மறந்ததை எழுதினேன். அதோடு, புதுக் கம்ப்யூட்டர் நின்ற நாளுக்கு முன்னால் ஐந்து நாள் அது என்னிடம் கேட்டது, நான் தள்ளிப்போட்டேன், அதை மறைத்தேன் என்பதையும் எழுதினேன். இரண்டாவதை எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. யாரும் கேட்கவில்லை. ஆனால் முதலாவதை மட்டும் எழுதினால் அதுவும் பாதிதான் என்று பட்டது. இணையத்திலிருந்து தானாகத் தேதி எடுக்கும் கம்ப்யூட்டர் அன்று அந்த மேசையில் இருந்திருந்தால், ஷைனியின் குழந்தை அந்தத் துணிப் பொதிக்குள் வாசல் வரை போயிருக்காது. அதை அந்த மேசையிலிருந்து அனுப்பியது நான்.

சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“அஞ்சு நாளும் பிறகுதான் குடுத்தியா?”

“ஆமா சார்.”

“ஆறாவது நாளும் கேட்டிருந்தா?”

“பிறகுதான் குடுத்திருப்பேன் சார்.”

“செரி. அப்ப அது உன்கிட்ட கேட்டுக் கேட்டு சலிச்சு மடுத்துப் போயி நின்னிருக்கு,” என்றார். சிரிக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. “வேலையை விடுறேன்னு எழுதாம விட்டியே, அதுவரைக்கும் நல்லது. போய் என்ஜினியரைக் கூப்பிடு.”

திருவனந்தபுரத்து என்ஜினியர் வந்தார். பெட்டியைத் திறந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு மூடினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“எத்தனை தடவை வந்திருக்கீங்க. ஒருநாளும் சொல்லலியே,” என்றேன்.

“சேச்சி, ஒருநாளும் கேக்கலியே. நான் வரும்போ எல்லாம் தேதி கரெக்டா இருக்கும். நீங்கதான் காலையிலே செரியாக்கி வெச்சிருப்பீங்களே.”

நான் வேலையில் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான். நாங்கள் கவனமாக இருந்ததாலேயே அந்தப் பழுது வெளியே தெரியாமல் இருந்தது. ஒரு பழுதைத் தினமும் ஒழுங்காகச் சமாளித்தால் அது பழுது என்பதே மறந்துவிடுகிறது. நீங்கள் லேபில் எதையாவது தினமும் கையால் சரிசெய்துகொண்டிருந்தால், அதைத் திறமை என்று நினைக்காதீர்கள். ஒரு தாளில் எழுதி சாரின் மேசையில் வையுங்கள்.

அதற்குப் பிறகும் ஏன் எக்ஸ்பி என்று கேட்பீர்கள். சார், குழந்தை டாக்டர், ஜெபா சிஸ்டர், என்ஜினியர் நால்வரும் உட்கார்ந்து பேசினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பேசினேன். பரிசோதனைக்கு வந்த மென்பொருளுக்கும் இந்த மெஷினுக்கும் நடுவே இணைப்பு சிலசமயம் விட்டுப்போகிறது என்று என்ஜினியரே ஒப்புக்கொண்டார். புது மெஷின் வரும்வரை பழையதே இருக்கட்டும் என்று முடிவானது. பேட்டரி புதிது, யுபிஎஸ் புதிது, இணையம் கிடையாது. ரிப்போர்ட்டில் நாளும் மணியும் கையால் எழுத வேண்டும். இன்றும் எனக்கு அதுதான் பிடிக்கிறது. ஆனால் அது அந்த மேசையில் இருப்பதற்கு என் பிரியம் காரணமில்லை. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

நான் அதை நம்பியதற்குச் சொன்ன காரணம் நினைவிருக்கிறதா? நான் சொல்லாமல் எதுவும் செய்யாது. உண்மைதான். நான் கேட்காமல் எதுவும் சொல்லவும் செய்யாது. 2002 என்று அமைதியாக உட்கார்ந்திருக்கும். புதியது தொந்தரவு செய்யும், கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் கேட்கிறதே. என்னைப் போல அமைதியை விரும்புகிறவர்களுக்கு இது பிடிபட நாளாகும்.

புது மெஷின் உங்கள் காலத்தில்தான் வரும். அதோடு புதிய விண்டோஸும் வரும். ஒன்பது மணிக்கு மூலையில் ஒரு பெட்டி வரும். உங்கள் கையும் ‘பிறகு’ பக்கம் போகும். போகட்டும், ஆனால் எத்தனை முறை என்று எண்ணிவையுங்கள். அதற்கென்று ஒரு நேரம் குறித்து, அன்று மெயினை அணைக்காமல் போங்கள். அக்கா பழையதுதான் நல்லது என்று சொன்னார் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

போன மாதம் தடுப்பூசி போட ஷைனி வந்திருந்தாள். கூடவே மைனி. ஊசி போட்டு அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக லேபுக்கு வந்தார்கள். பிள்ளை கன்னம் கொழுத்து, கடற்கரை வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தாள்; தலையில் பூ வைத்துவிட்டிருந்தார்கள்.

“பாத்தியளா? மஞ்சள் எங்கயாவது தெரியுதா?” என்று மைனி கேட்டார். “உங்க கம்ப்யூட்டருக்கு இப்ப நாள் தெரியுமா?”

“தெரியும் அக்கா.”

“எங்க, சொல்லச் சொல்லுங்க பாப்போம்.”

நான் திரையைப் பார்த்தேன். சரியாக இருந்தது. சுவரில் காலண்டரைப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிள்ளையை வாங்கி ஜன்னலருகே கொண்டுபோய், கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன். காலின் முன்புறத்தில் பெருவிரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மறுபடியும் அழுத்தினேன்.

“போதும் போதும்,” என்று மைனி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். “இப்படி அமுக்கினா செவந்துல்லா போகும்.”